காலியாக இருந்தால் காலியாகவே விடுக

கோத்தகிரி. ஜூலை. காலை ஒன்பதரை.
பேக்கரிக்கு எதிர் மாடியில்
ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு
ஒரு கருவிக்கு விளக்கக்குறிப்பு எழுதுகிறேன்.
நூற்றுக்கணக்கான பதிவுகளை
ஒரே மூச்சில் உருவாக்கும் கருவி.
படிக்கப்போவது மனிதர் இல்லை.

இதுவரை நான் எழுதியதை
யாரும் முழுதாகப் படித்ததில்லை.
மிக்ஸிக்கு எழுதினேன், இன்வெர்ட்டருக்கு எழுதினேன்,
தேயிலைக் கவாத்து மெஷினுக்கு எழுதியதில்
வடை மடித்துக் கொடுத்தார்கள், வாங்கித் தின்றேன்.
இந்த ஏஜென்ட் படிக்கும்.
ஒவ்வொரு காற்புள்ளியையும்.
கொட்டாவி விடாது, சந்தேகம் கேட்காது.
நான் எழுதாமல் விட்டதைத்
தானே எழுதி, அதையும் நம்பும்.

முதல் வரைவு ஒற்றை வரி:
இலைச் சீட்டுகளைப் பட்டியலாகக் கொடுத்தால் கணக்கில் ஏற்றும்.
எனக்குப் பிடித்திருந்தது அந்த வரி.
ஃபேக்டரியில் வைத்து ஓட்டிப் பார்த்தோம்.

அன்றைக்குத்தானா கட்டபெட்டில்
கற்பூர மரம் லைன்மேல் சாய வேண்டும்.
இருநூறு சீட்டு போனது, பதில் வரவில்லை.
முப்பது நொடி பொறுத்த ஏஜென்ட்
அதே இருநூறை மறுபடி அனுப்பியது.
முதல் தடவையே ஏறியிருந்தது.

மறுநாள் போஜன் வந்தார், ஜெர்கினில் தண்ணீர் சொட்ட.
"நாப்பத்தாறு கிலோ போட்டேன்,
தொண்ணூத்திரெண்டுன்னு மெசேஜ் வந்திருக்கு.
ராத்திரி என் தோட்டத்துல யாருங்க பறிச்சது?"
சிரித்தார். ஆனால்
திருத்திய சீட்டு கைக்கு வரும்வரை நகரவில்லை.

எனவே இரண்டாம் பத்தி:
ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் அடையாள எண் இடுக.
மறுபடி அனுப்பும்போது அதே எண்ணோடு அனுப்புக.
பதில் வராதது தோல்வி ஆகாது.

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு
என் ஃபோனை எடுத்துப் பார்த்தேன்.
நேற்றிரவிலிருந்து இரண்டு நீல டிக்.

மூன்றாம் பத்திக்கு நாளாயிற்று.
'தந்தை பெயர்' என்றொரு கட்டம்,
கட்டாயம் என்று பக்கத்தில் சிவப்புப் புள்ளி.
நூற்றுப் பதினெட்டாம் வரியில் அது காலி.
நின்றிருக்கலாம். பிழை என்று சொல்லியிருக்கலாம்.
மேலே பார்த்தது: ஹாலன்.
கீழே பார்த்தது: ஹாலன்.
சமர்த்தாக நடுவிலும் ஹாலன் என்று நிரப்பியது.

மிளிதேன் பக்கம் அரை ஏக்கர் வைத்திருக்கும் மாசி
அப்படித்தான் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தம்பிக்கு
உடன்பிறந்தவள் ஆனாள்.
அவர்களோடுதான் அவளுக்கு
ஊட்டி கோர்ட்டில் ஆறு வருடமாக வேலி வழக்கு.
பட்டியல் ஃபேக்டரிச் சுவரில் ஒட்டியாயிற்று.
அவர்கள் ஃபோட்டோவும் எடுத்தாயிற்று.

மாசி சத்தம் போடவில்லை.
"எழுதலைன்னா எழுதலைன்னுதானே அர்த்தம்"
என்று மட்டும் கேட்டாள்.
ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை.
அந்தக் கேள்வி எந்தக் கட்டத்திலும் இல்லை.

காலியாக இருந்தால் காலியாகவே விடுக.
ஊகிக்க வேண்டாம். அக்கம்பக்கம் பார்க்க வேண்டாம்.
அந்த வரியை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை ஏற்றுக.
ஒதுக்கியதை ஒரு மனிதரிடம் சொல்லுக.

கோவையிலிருந்து சந்திரகாந்தன் கூப்பிட்டான்.
"ரொம்ப நீளம். அது படிக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும்
நாம காசு கட்டுறோம்."
'தயவுசெய்து'வை வெட்டினேன். 'கவனிக்க'வை வெட்டினேன்.
இரண்டு உதாரணம் போயிற்று.
அந்த நான்கு வரியில் கை வைக்கவில்லை.
சிவப்புப் புள்ளியை எடுத்துவிடேன் என்றேன்.
அடுத்த வெர்ஷனில் என்றான்.
அதுவரை நாலு வரிதான் காவல்.

இன்று மறுபடி ஓட்டினோம்.
ஏறியது நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
நின்றது ஒன்று.
வரி 118: தந்தை பெயர் இல்லை. நிரப்பவில்லை.

மாசியின் முப்பத்தொரு கிலோவை
பழைய பில் புக்கில் பேனாவால் எழுதிக்கொடுத்தார் கிளார்க்.
கார்பன் தாளில் சரியாக விழவில்லை,
இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.

ஹீட்டரை அணைக்கக் குனிந்தேன்.
கரன்ட் எப்போதோ போயிருந்தது.